துவக்கு வீட்டில் இருந்தால் பயம் போகுமா?

காலபோக விதைப்பு தொடங்கும் நாட்களில் வன்னியில் எந்தக் கமக்கார அமைப்பின் கூட்டத்துக்குப் போனாலும் ஒரு கோரிக்கை எழும்பாமல் விடாது. யானை, பன்றி, குரங்கு, மயில் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு வந்து கடைசியில் ஒருவர் எழும்பி, "எங்களுக்குத் துவக்கைத் தாங்கோ, மிச்சத்தை நாங்கள் பாப்பம்" என்பார். கூட்டம் கலைந்து தேத்தண்ணி குடிக்கும்போது வேறொரு கதையும் காதில் விழும். குடியேற்றத் திட்டங்களில் வீடுகள் தள்ளித் தள்ளி இருக்கின்றன. கள்ளன் வந்தால் பொலிஸ் வந்து சேர விடிந்துவிடும். கசிப்பைக் குடித்துவிட்டுப் படலையை உதைக்கிறவனை யார் தட்டிக் கேட்பது? வீட்டில் ஒன்று கிடந்தால் ஒரு பயம் இருக்கும்தானே?

முதலாவது வயலுக்குக் கேட்பது, இரண்டாவது வீட்டுக்குக் கேட்பது. ஆனால் வயலுக்கென்று வாங்கிய துவக்கும் பொழுது விடிந்ததும் வீட்டுக்குத்தான் வருகிறது. வெள்ளாமை வெட்டிய பிறகு அடுத்த போகம் வரைக்கும் அது கிடப்பதும் வீட்டில்தான். ஆகவே எதற்கென்று வாங்கினாலும், அந்த வீட்டில் இருக்கும் ஆட்களுக்கு அதனால் ஆபத்துக் குறைகிறதா கூடுகிறதா என்ற கேள்வியைத் தாண்டிப் போக முடியாது.

துவக்கு வன்னிக்குப் புதிதல்ல. போருக்கு முந்திய காலத்தில் வேட்டைக்கும் பயிர்க்காவலுக்கும் என்று அனுமதியோடு வைத்திருந்த ஒற்றைக்குழல், இரட்டைக்குழல் துவக்குகள் இங்கே இருந்தன. எண்பதுகளில் அவற்றுக்கு என்ன நடந்தது என்று பழைய ஆட்களைக் கேட்டால் சொல்வார்கள். இயக்கங்கள் ஆயுதம் தேடத் தொடங்கியபோது முதலில் போய்க் கதவு தட்டிய இடங்களில் இந்த வீடுகளும் இருந்தன. வீட்டுக்குக் காவல் என்று வைத்த பொருளே ஆட்களைப் படலை வரை கூட்டிக்கொண்டு வந்தது. இது நம்முடைய ஊருக்கு மட்டும் நடந்த விசயமல்ல. அமெரிக்காவில் ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 3 இலட்சத்து 80 ஆயிரம் துவக்குகள் களவு போவதாக 2017 இல் வெளிவந்த ஓர் ஆய்வு மதிப்பிட்டது. கள்ளன் பெரும்பாலும் ஆளில்லாத வீட்டைத்தான் பார்த்து வருவான். அப்போது துவக்கு யாரைக் காக்கும்? அதுவே அவனுக்குக் கிடைக்கும் நல்ல சாமான்.

சட்டம் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். இலங்கையில் இன்றும் நடைமுறையில் இருப்பது 1916 ஆம் ஆண்டின் சுடுகலன்கள் கட்டளைச் சட்டம். 1996 இல் அதைத் திருத்தி, அனுமதியில்லாமல் தானியங்கித் துவக்கு வைத்திருந்தால் ஆயுள் தண்டனை வரை போகலாம் என்று கடுமையாக்கினார்கள். அனுமதிப் பத்திரத்தை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். 2024 இன் கடைசியில் பாதுகாப்பு அமைச்சு, தற்காப்புக்கென்று பொதுமக்களுக்குக் கொடுத்த துவக்குகளை மீளாய்வுக்காகத் திருப்பி ஒப்படைக்கச் சொன்னது. நவம்பர் 7 தவணை. அதாவது நாட்டின் போக்கு துவக்கைக் கொடுக்கும் பக்கமாக இல்லை, எடுக்கும் பக்கமாக இருக்கிறது.

இதற்குள் வன்னிக்கென்று ஒரு மனக்குறை உண்டு. எல்லைக் கிராமங்களில் ஊர்காவற்படை என்று அரசாங்கமே சொட்கன் கொடுத்தது, எங்களுக்கு மட்டும் ஏன் இல்லை என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஒரு நாட்டுக் குடிமகனை ஒரு மாதிரியும் மற்றவனை வேறு மாதிரியும் நடத்தியது பற்றிய கேள்வி அது. ஆனால் உரிமை இருக்கிறதா என்பது ஒன்று, அந்தப் பொருள் வீட்டுக்குள் வந்தால் நன்மையா என்பது வேறொன்று. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொண்டால் நமக்குத்தான் நட்டம்.

நன்மையா தீமையா என்று எண்ணிப் பார்த்தவர்கள் அதிகம் இருப்பது அமெரிக்காவில். காரணம் வெளிப்படை: 2017 ஆம் ஆண்டுக்கான மதிப்பீட்டின்படி அங்கே 100 பேருக்கு 120 துவக்குகள். ஆளை விடத் துவக்குக் கூட. ஆர்தர் கெலர்மன் என்ற மருத்துவர் அவசர சிகிச்சைப் பிரிவில் வேலை செய்தவர். அவர் 1986 இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், வொஷிங்டன் மாநிலத்தின் கிங் கவுண்டியில் வீட்டுத் துவக்கால் நடந்த மரணங்களை எடுத்துப் பார்த்தார். தற்காப்புக்காகச் சுட்டு ஒருவர் இறந்தால், அதே நேரத்தில் வேறு வகையில் 43 பேர் இறந்திருந்தார்கள். அந்த 43 இல் ஏறத்தாழ 37 பேர் தம் உயிரைத் தாமே போக்கிக்கொண்டவர்கள்.

இந்த 43 என்ற கணக்கை வைத்து அங்கே எவ்வளவோ சண்டை நடந்துவிட்டது. எதிர்த்தவர்கள் கேட்டது சரியான கேள்விதான். கள்ளனைச் சுட்டுக் கொன்றால்தான் தற்காப்பா? துவக்கைக் காட்டியதும் ஓடினவன் கணக்கில் வரமாட்டானே? கெலர்மனும் ஆட்களும் 1993 இல் வேறு முறையில் பார்த்தார்கள். வீட்டில் கொலையுண்டவர்களையும், அதே அயலில் அதே வயதில் உயிரோடு இருந்தவர்களையும் சோடி சோடியாக வைத்து ஒப்பிட்டார்கள். துவக்கு இருந்த வீட்டில் கொலை நடக்கும் ஆபத்து ஏறத்தாழ 2.7 மடங்கு. அந்தக் கூடுதல் ஆபத்து அநேகமாக முழுவதும் வந்தது குடும்பத்தவரின் கையால், அல்லது நெருங்கிப் பழகியவரின் கையால். வெளியாளால் அல்ல.

உடனே அடுத்த கேள்வி வந்தது. ஆபத்து உள்ளவர்கள்தான் துவக்கு வாங்குவார்கள், அதனால்தான் அந்த வீடுகளில் கொலை கூட என்றும் சொல்லலாம் அல்லவா? இதற்கு விடை தேட முன்னர் அரசியல் குறுக்கே வந்தது. 1996 இல் அமெரிக்கக் காங்கிரஸ், துவக்குக் கட்டுப்பாட்டுக்கு ஆதரவாகப் போகக்கூடிய ஆய்வுக்கு நோய்க் கட்டுப்பாட்டு நிலையத்தின் பணம் போகக்கூடாது என்று ஒரு திருத்தம் கொண்டு வந்தது. அதோடு இருபது ஆண்டுகளுக்கு மேல் அந்தத் துறை படுத்துவிட்டது. திருத்தத்துக்குப் பெயர் கொடுத்த ஜே டிக்கி என்ற உறுப்பினரே பிற்காலத்தில் மனம் மாறி, ஆய்வு நடக்க வேண்டும் என்று 2012 இல் பத்திரிகையில் எழுதினார். தெரிந்துகொள்வதற்கே பயப்படுகிற ஒரு விசயத்தில் உண்மை எந்தப் பக்கம் இருக்கும் என்று ஊகிப்பது அவ்வளவு கடினமில்லை என்றுதான் எனக்குப் படுகிறது. சரி, அது என் கருத்து.

பிறகு வந்த பெரிய வேலை கலிபோர்னியாவில் நடந்தது. டேவிட் ஸ்டடர்ட் என்பவரும் குழுவும் 2 கோடியே 63 இலட்சம் வளர்ந்தவர்களை 2004 முதல் 2016 வரை பதிவேடுகளின் வழியாகப் பின்தொடர்ந்தார்கள். யார் எந்தத் திகதியில் கைத்துவக்கு வாங்கினார், அதன் பிறகு என்ன நடந்தது என்று தொடர்ச்சியாகப் பார்க்கக் கிடைத்தது. 2020 இல் வெளிவந்த முடிவு: துவக்கு வைத்திருந்த ஆண்கள் தம் உயிரைத் தாமே போக்கிக்கொள்ளும் வீதம் வைத்திராத ஆண்களை விட 3 மடங்குக்கு மேல், பெண்களில் 7 மடங்குக்கு மேல். சாக வேண்டும் என்று நினைத்துத்தான் வாங்கினார்கள் என்று தள்ளிவிடவும் முடியாது. துவக்கால் நடந்த அந்த மரணங்களில் பாதிக்கு மேல், வாங்கி ஒரு வருடம் கழிந்த பிறகுதான் நடந்தன. துவக்கு அலுமாரியில் சும்மா கிடந்தது. கஷ்டகாலம் பிறகு வந்தது.

அதே குழு 2022 இல் இன்னொரு கேள்வியைக் கேட்டது. துவக்கு வாங்கியவரை விடுவோம், அவரோடு ஒரே கூரைக்குக் கீழ் இருக்கிறவருக்கு என்ன? தன் பெயரில் துவக்கு இல்லாமல், துவக்குள்ள ஒருவரோடு வாழ்ந்தவர்கள் கொலையுண்ட வீதம் மற்றவர்களை விட 2 மடங்குக்கு மேல். துணைவரால் வீட்டில் சுடப்பட்டு இறப்பது 7 மடங்கு. அப்படி இறந்தவர்களில் 84 வீதம் பெண்கள். அந்நியன் வீட்டுக்குள் புகுந்து கொல்வது குறைந்தது என்பதற்குத் தெளிவான சான்று அகப்படவில்லை.

இந்த இடத்தில் வன்னியை நினைக்காமல் இருக்க முடியவில்லை. இங்கே துவக்குக் கேட்கும் குரல் பெரும்பாலும் ஆண்களுடையது. கசிப்பு வெறியில் மனிசிக்கு அடிக்கிற வீடு எது என்று ஒவ்வொரு கிராமத்திலும் எல்லோருக்கும் தெரியும். அந்த வீட்டிலும் இன்று கையில் எடுபடுவது விறகுக்கட்டை அல்லது செருப்பு. அயலவர் சத்தம் கேட்டு ஓடிவந்து விலக்குவதற்கு நேரம் இருக்கிறது. பொம்பிளை பின்பக்கத்தால் ஓடி அக்கா வீட்டுக்குப் போகவும் நேரம் இருக்கிறது. துவக்கு அந்த நேரத்தைத்தான் எடுத்துவிடுகிறது.

நேரம் என்றதும் சொல்ல வேண்டியது நிறைய இருக்கிறது. அதுவும் அமெரிக்காவைப் பார்த்துப் படிக்க வேண்டிய பாடமல்ல, இலங்கை உலகத்துக்குக் காட்டிய பாடம். 1995 வாக்கில் இந்த நாட்டில் ஓர் இலட்சம் பேருக்கு 47 பேர் வரை உயிர்மாய்ப்பால் இறந்துகொண்டிருந்தார்கள். உலகத்திலேயே மிக மோசமான வீதங்களில் ஒன்று. வயலுக்கு அடிக்கும் நஞ்சு மருந்து கமக்கார வீடுகளில் கைக்கெட்டும் தூரத்தில் இருந்ததுதான் அதில் பெரும் பங்கு. மிகக் கொடிய மருந்துகளை அரசாங்கம் 1995 இலும் 1998 இலும், பிறகு 2008 முதல் 2011 வரையும் படிப்படியாகத் தடைசெய்தது. இருபது ஆண்டில் வீதம் ஏறத்தாழ 70 வீதம் இறங்கியது. இந்தத் தடைகளால் அந்த இருபது ஆண்டில் 93,000 உயிர் வரை தப்பியதாக மதிப்பிட்டிருக்கிறார்கள். விளைச்சல் குறையவுமில்லை.

கவனித்துப் பாருங்கள், மனிதர்களின் துன்பம் அந்த இருபது ஆண்டில் 70 வீதம் இறங்கவில்லை. அதே காலத்தில்தான் போர், சுனாமி, இடப்பெயர்வு, முள்ளிவாய்க்கால், பிறகு நுண்கடன் என்று எல்லாமே வந்து போயின. துன்பம் அப்படியே இருக்க, அந்த ஒரு கணத்தில் கையில் அகப்பட்ட பொருள் மட்டும் மாறியது. அமெரிக்காவில் ஹூஸ்டன் நகரில், கிட்டத்தட்ட இறந்தே போயிருக்கக்கூடிய இளம் வயதினரிடம் கேட்டபோது, முடிவெடுத்ததற்கும் செய்ததற்கும் இடையில் ஐந்து நிமிடம்கூட இருக்கவில்லை என்று நாலில் ஒருவர் சொன்னார்கள். தப்பியவர்களில் மிகப் பெரும்பாலானோர் பிறகு அந்த வழியால் இறப்பதில்லை என்பதும் பல நாட்டு ஆய்வுகளில் வந்த முடிவு. துவக்கு வாய்ப்புத் தராத பொருள். ஆஸ்பத்திரி வரை கொண்டுபோகும் கதையே அதில் பெரும்பாலும் இல்லை.

இஸ்ரேல் இராணுவம் இதை வேறொரு விதமாகக் கண்டுபிடித்தது. வார இறுதியில் வீட்டுக்குப் போகும் இளம் சிப்பாய்கள் துவக்கையும் கொண்டு போவது அங்கே வழக்கமாக இருந்தது. 2006 இல் துவக்கை முகாமிலேயே வைத்துவிட்டுப் போகச் சொன்னார்கள். சிப்பாய்களின் உயிர்மாய்ப்பு ஏறத்தாழ 40 வீதம் குறைந்தது. குறைந்ததெல்லாம் வார இறுதியில்தான், வேலை நாட்களில் பெரிய மாற்றமில்லை. ஆட்கள் அதே ஆட்கள், கவலை அதே கவலை. வீட்டில் துவக்கு இல்லை, அவ்வளவுதான்.

அப்படியானால் பூட்டி வைத்தால் போதாதா என்று கேட்பீர்கள். அமெரிக்காவில் 2005 இல் வெளிவந்த ஓர் ஆய்வின்படி, துவக்கைப் பூட்டி, தோட்டாவைக் கழற்றி, தோட்டாவை வேறிடத்தில் வைத்துப் பூட்டிய வீடுகளில் பிள்ளைகளுக்கும் பதின்ம வயதினருக்கும் வரும் ஆபத்துக் குறைவு. அது உண்மை. ஆனால் பூட்டுப் பற்றி எங்களுக்குப் பக்கத்திலேயே ஒரு பரிசோதனை நடந்திருக்கிறது. ஏ9 வீதியால் வவுனியாவைத் தாண்டித் தெற்கே போனால் மதவாச்சியோடு அநுராதபுர மாவட்டம். அந்த மாவட்டத்து 180 கிராமங்களில் 53,000 இற்கு மேற்பட்ட வீடுகளை எடுத்து, பாதிக் கிராமங்களுக்கு நஞ்சு மருந்தைப் பூட்டி வைக்கப் பெட்டி கொடுத்துப் பார்த்தார்கள். 2017 இல் முடிவு வந்தது. பெட்டி கொடுத்த ஊருக்கும் கொடுக்காத ஊருக்கும் வித்தியாசமில்லை. இதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது? பெட்டி வீட்டில் இருந்தால் திறப்பும் வீட்டில்தான். தோட்டத்துக்கு மருந்தடிக்கிறவரே வீட்டுக்காரர், திறப்பு அவருடைய இடுப்பில். பூட்டு சின்னப் பிள்ளையைத் தடுக்கும், திறப்பு வைத்திருக்கிற ஆளைத் தடுக்காது.

சின்னப் பிள்ளையையும் எவ்வளவு தூரம் தடுக்கும் என்பது வேறு கதை. அலபாமா மாநிலத்தின் கிராமப்புறத்தில் பெற்றோரையும் பிள்ளைகளையும் தனித்தனியாகக் கேட்டார்கள். துவக்கு எங்கே இருக்கிறதென்று பிள்ளைக்குத் தெரியாது என்று சொன்ன பெற்றோரில் 39 வீதமானோரின் பிள்ளைகள் இடத்தைச் சரியாகச் சொல்லிவிட்டார்கள். தொட்டதே இல்லை என்று சொன்ன வீடுகளில் 22 வீதமான பிள்ளைகள் தொட்டிருந்தார்கள். அம்மம்மா பனங்கட்டியை எந்தப் பானைக்குள் ஒளித்து வைக்கிறா என்று தெரியாத பேரப்பிள்ளை வன்னியில் உண்டா?

பூட்டின் சங்கடம் அதோடு முடியவில்லை. இராத்திரி ஒரு மணிக்குப் படலைச் சத்தம் கேட்கிறது என்று வையுங்கள். எழும்ப வேண்டும், திறப்பைத் தேட வேண்டும், துவக்கை எடுக்க வேண்டும், வேறொரு பெட்டியில் இருக்கும் தோட்டாவை எடுக்க வேண்டும், எல்லாம் இருட்டில். கள்ளன் அவ்வளவு பொறுமையாக நிற்க மாட்டான். அவசரத்துக்கு உதவ வேண்டுமென்றால் தோட்டாப் போட்டுத் தலைமாட்டில் வைக்க வேண்டும். தலைமாட்டில் வைத்தால் முன்னே சொன்ன எல்லா ஆபத்தும் முழுசாக வரும். பூட்டினால் பிரயோசனமில்லை, பூட்டாவிட்டால் பயம். இந்த முடிச்சை அவிழ்த்த ஆள் அமெரிக்காவிலும் இல்லை.

கள்ளனைத் துரத்துவதற்கு அது எவ்வளவு தரம் பயன்படுகிறது? இதில் இரண்டு தரப்பின் கணக்குகள் மலைக்கும் மடுவுக்கும் போல. 1995 இல் கேரி கிளெக், மார்க் கேர்ட்ஸ் என்ற இருவர் தொலைபேசிக் கருத்துக்கணிப்பை வைத்து ஆண்டுக்கு 25 இலட்சம் தற்காப்பு நிகழ்வுகள் என்றார்கள். அமெரிக்க அரசாங்கத்தின் குற்றப்பாதிப்புக் கணிப்பில் அது ஓர் இலட்சத்தைச் சுற்றித்தான் வருகிறது. சில ஆயிரம் பேரைக் கேட்டு நாடு முழுவதுக்கும் பெருக்கும்போது, நூற்றில் ஒருவர் கூட்டிச் சொன்னாலே இலட்சக்கணக்கில் வீங்கிவிடும் என்று டேவிட் ஹெமன்வே என்ற ஆய்வாளர் காட்டினார். அவரும் சாரா சொல்னிக்கும் 2015 இல் அரசாங்கக் கணிப்பை அலசியபோது, ஆள் எதிரே நின்ற குற்றங்களில் பாதிக்கப்பட்டவர் துவக்கைப் பயன்படுத்தியது நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவு. பயன்படுத்தியவர்களுக்குக் காயம்படுவது, கத்தியவர்களையும் ஓடியவர்களையும் விடக் குறைவாகவும் இருக்கவில்லை. துவக்கு ஒருபோதும் யாரையும் காத்ததில்லை என்று நான் சொல்ல வரவில்லை, காத்திருக்கிறது. அது எப்போதாவது நடப்பது. மற்றது நாள்தோறும் வீட்டுக்குள் கிடந்து காத்திருப்பது.

பயத்தில் எடுக்கும் துவக்கு எப்படி வேலை செய்யும் என்று யோசிக்க நமக்கு ஒரு கோடை இருக்கிறது. 2011 ஓகஸ்ட், கிறீஸ் பூதம்: உடம்பில் கிறீஸ் பூசிக்கொண்டு இருட்டில் பெண்களைத் தாக்க வருகிறான் என்று பரவிய கதை. மலையகத்தில் தொடங்கிய பீதி நாடு முழுக்கப் பரவியது. பொழுதுபட்டால் பெண்கள் வெளியே வரப் பயந்தார்கள், ஆண்கள் பொல்லோடு ஒழுங்கை ஒழுங்கையாக நின்றார்கள். யாழ்ப்பாணத்தில் நாவாந்துறை கொந்தளித்தது. புத்தளத்தில் பொலிஸ்காரர் ஒருவர் கூட்டத்தின் கையில் இறந்தார். பொல்லோடு நின்ற ஊரில் இவ்வளவு நடந்ததென்றால், வீட்டுக்கு வீடு துவக்கு இருந்திருந்தால்? சாமம் கழித்து வேலியால் ஏறி வந்திருக்கக்கூடியவர்களை எண்ணிப் பாருங்கள்: இரண்டாம் காட்சி பார்த்துவிட்டு வரும் தம்பி, மாடு தேடிப் போன பக்கத்து வீட்டு ஐயா, கடமை நேரம் முடிந்து வந்த மருமகன். அந்தக் கோடையில் நிழலைக் கண்டாலே எல்லோரும் பூதம் என்று கத்தினோம்.

தனியாக இருக்கும் பெண்களின் பயத்தை இதைச் சொல்லித் தட்டிக்கழித்துவிட முடியாது. போருக்குப் பிறகு வன்னியில் பெண்களே தலைமை தாங்கும் குடும்பங்கள் ஆயிரக்கணக்கில். அவர்களுடைய பயம் கற்பனையல்ல. ஆனால் அவர்களோடு கதைத்தால் அவர்கள் கேட்பது துவக்கில்லை என்பதையும் கவனிக்கலாம். வீதிக்கு லைட், பின்கதவுக்கு நல்ல தாழ்ப்பாள், குரைக்கிற நாய், கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் ஒரு வீடு, 119 ஐ அழுத்தினால் தமிழில் பேசுகிற ஓர் ஆள். இதில் எதுவும் வீட்டுக்காரரையே திரும்பிக் கடிக்காது. மனம் விட்டுப் போகிற நேரத்தில் பேச தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கமும் இருக்கிறது. 119 தெரிந்த அளவுக்கு அது தெரியவில்லை என்பதால் இங்கே எழுதி வைக்கிறேன்.

இனி யானைக்கு வருவோம். 2023 இல் இலங்கையில் 488 யானைகள் செத்தன, யானையால் 180 பேருக்கு மேல் இறந்தார்கள். விதைநெல் கடன் வாங்கி விதைத்து, கதிர் வந்த வயலை ஓர் இரவில் மிதித்துவிட்டுப் போனால் துவக்குக் கேட்காமல் வேறென்ன கேட்பான் கமக்காரன்? ஆட்சியில் இருக்கிறவர்களோ 2025 மார்ச்சில் ஐந்து நிமிடத்தில் குரங்கும் மயிலும் எண்ணச் சொன்னார்கள். எங்கள் வளவு மயிலுக்கு அந்த ஐந்து நிமிடமும் வேறு வேலை இருந்தது.

துவக்கால் யானை நிற்குமா? சொட்கன் சன்னம் யானையைப் பெரும்பாலும் உடனே கொல்லாது, புண்ணாக்கும். புண்பட்ட யானை ஊரை மறக்காது. வெடியாலும் நெருப்பாலும் அடித்துத் துரத்தத் துரத்த யானை மனிதரைக் கண்டு ஓடுவதை விட்டு மனிதரைத் தேடி வரப் பழகுகிறது என்று யானைகளை நெடுங்காலம் ஆராய்ந்த பிரிதிவிராஜ் பெர்னாண்டோ சொல்லிவருகிறார். பன்றிக்கு என்று கட்டும் கட்டுத்துவக்கின் கதை இதைவிட மோசம். அனுமதியில்லாத இடியனைக் காட்டுப்பாதையில் கட்டிவிட்டு வீட்டுக்கு வந்து படுத்துவிடுகிறார்கள். கம்பியில் தட்டுவது பன்றியின் நெஞ்சா, தேன் எடுக்கப் போனவரின் முழங்காலா என்று அதற்குத் தெரியாது. பொறுப்பாக நின்று சுடுகிற ஓர் ஆள்கூட இல்லாத துவக்கு அது.

யானை நடமாடும் நிலத்தில் ஏறத்தாழ 70 வீதத்தில் மனிதரும் குடியிருக்கிறார்கள் என்று பெர்னாண்டோவின் குழு கணக்கெடுத்தது. அதனால் யானையைக் காட்டுக்குள் பூட்டுவது நடவாத காரியம். அரசாங்கம் போட்ட மின்வேலிகள் பல இடங்களில் தோற்றதற்கும் அதுதான் காரணம்: வனசீவராசிகள் திணைக்களத்தின் காடு முடிந்து வன இலாகாவின் காடு தொடங்கும் எல்லையில் வேலியைப் போட்டார்கள். வேலிக்கு இந்தப் பக்கமும் யானை, அந்தப் பக்கமும் யானை. குருநாகல் மாவட்டத்தில் கல்கமுவப் பக்கம் வேறு வழி செய்தார்கள். வேலியை வயலைச் சுற்றியும் ஊரைச் சுற்றியும் போட்டார்கள். வயல் வேலியை விதைப்போடு கட்டி, வெட்டு முடிந்ததும் கழற்றி வைத்தார்கள். பார்ப்பது கமக்காரர்களே. 2020 இல் தயாரான தேசியச் செயற்றிட்டமும் இதைத்தான் முன்வைத்தது.

இதில் இருக்கிற கரைச்சலும் கொஞ்சமல்ல. கம்பியில் புல்லு முட்டினால் மின்சாரம் போய்விடும். பற்றரி களவு போகும். பக்கத்து வயல்காரர் தன் பங்குக் காசைத் தராமல் இழுத்தடிப்பார். மழை இருட்டில் யார் போய்க் கம்பியைப் பார்ப்பது என்று வாய்த்தர்க்கம் வரும். துணுக்காயிலோ ஒட்டுசுட்டானிலோ நெடுங்கேணியிலோ அடுத்த கூட்டத்தில் மின்வேலி கேட்டு எழுதுவதென்றால், வேலி எந்த வரம்பால் போகும், புல்லு வெட்டுகிறவர் யார், பற்றரி யாருடைய வீட்டில் இருக்கும் என்ற மூன்றுக்கும் பெயர் போட்டு எழுதிக்கொண்டுதான் கச்சேரிக்குப் போக வேண்டும். அது இல்லாமல் கொடுத்த வேலிகளின் தூண்கள் இப்போது மாடு கட்டத்தான் உதவுகின்றன.